காலின் அடைப்பை ரத்தப் பரிசோதனைக் குழலில் தேடுவது

கால் தமனிகளில் கொழுப்புப் படிந்து ரத்தவோட்டம் குறையும் நோயின் கடுமையை ஊசி போட்டு எடுக்கும் ரத்தத்திலிருந்தே கண்டுவிடலாம் என்ற எண்ணத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 2001இல் பால் ரிட்கர் குழுவினர், அமெரிக்க மருத்துவர்கள் பங்கேற்ற நெடுங்கால ஆய்வின் ரத்த மாதிரிகளை எடுத்து 11 குறியீடுகளை ஒப்பிட்டார்கள். இந்நோய் வரப்போவதை முன்கூட்டிக் காட்டியவற்றில் மொத்தக் கொலஸ்ட்ராலுக்கும் ‘நல்ல கொலஸ்ட்ரால்’ எனப்படும் எச்.டி.எல்லுக்கும் உள்ள விகிதமும், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பியும் முன்னே நின்றன. நோய் முற்றிய குழுக்களில் சி.ஆர்.பி, ரத்த உறைதலோடு தொடர்புள்ள ஃபைப்ரினோஜன், டி-டைமர் ஆகியவற்றின் சராசரி கூடுவதையும் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அது குழுவின் சராசரி. எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவருடைய வலது காலில் அடைப்பு எவ்வளவு என்று அது சொல்லாது. சி.ஆர்.பியைக் கல்லீரல் சுரக்கிறது. பல்லில் சீழ் பிடித்தாலும் மூட்டு வீங்கினாலும் அது ஏறும். புகைப்பவருக்கு ஃபைப்ரினோஜன் கூடியிருக்கும். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை, அடைப்பு அப்படியே இருக்கும்போதே சி.ஆர்.பியைக் குறைத்துவிடும். நோய் முற்றியவரின் பாதத்தில் புண் இருந்து அதில் கிருமியும் தொற்றினால், ஏறிய எண் புண்ணைச் சொல்கிறதா, தமனியைச் சொல்கிறதா என்று பிரிக்கவே முடியாது.

நேரடி அளவீடு எளிமையானது. நோயாளியைப் படுக்கவைத்து, கணுக்காலுக்கு மேல் காற்றடைக்கும் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றி, பாதத்தின் மேற்புறத்திலும் உட்புறக் கணுக்கால் எலும்புக்குப் பின்னாலும் ரத்தவோட்டத்தை ஓசையாகக் கேட்கவைக்கும் டாப்ளர் கருவியின் முனையை வைத்து, காற்றை இறக்கும்போது துடிப்பின் ஓசை திரும்பும் அழுத்தத்தைக் குறிக்க வேண்டும். அதைக் கையின் அழுத்தத்தால் வகுத்து 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால் நோய் உண்டு, 0.4க்குக் கீழே போனால் கடுமை. இந்த அளவீடும் பொய்க்குமே என்பார்கள். உண்மைதான். நெடுநாள் சர்க்கரை நோயாளிக்கும் சிறுநீரகம் பழுதானவருக்கும் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து, பட்டை எவ்வளவு இறுக்கினாலும் குழாய் அமுங்காது, விகிதம் 1.4ஐத் தாண்டும், அல்லது இயல்பானது போலத் தோன்றி ஏமாற்றும். ரத்தக் குறியீட்டை நாடும் ஆசை இங்கேதான் அதிகம். இதற்கான விடையும் காலிலேயே இருக்கிறது: கால்விரலின் சிறு தமனிகளில் சுண்ணாம்பு குறைவாகவே படிவதால், விரல் அழுத்தத்தை அளக்கலாம். அது பாதரச அளவில் 30 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் கால் ஆபத்தில் இருக்கிறது. 2014இல் அமெரிக்க ரத்தநாள அறுவை மருத்துவர்கள் வகுத்த தரவரிசை புண், ரத்தவோட்டம், தொற்று மூன்றையும் தனித்தனியே மதிப்பிடுகிறது. அதில் வெள்ளணு எண்ணிக்கை தொற்றுப் பகுதியில் மட்டும் வருகிறது. ரத்தவோட்டத்தை அழுத்தமே தீர்மானிக்கிறது. இந்தப் பிரிப்பை நான் மிகச் சரியானதாகக் கருதுகிறேன்.

இந்நோயாளிகளில் பலர் மாரடைப்பாலும் பக்கவாதத்தாலுமே இறக்கிறார்கள், அந்த ஆபத்தைக் குறியீடுகள் காட்டுகின்றனவே என்பது வலுவான மறுப்பு. ஏற்கிறேன். ஆனால் ஸ்டாட்டினும் புகையை நிறுத்துவதும் சி.ஆர்.பி எதுவானாலும் எல்லோருக்கும் வேண்டியவை. வலியோ புண்ணோ இருப்பவருக்கு ரத்தத் தட்டுகள் ஒட்டாமல் தடுக்கும் மருந்தும் அப்படியே. சர்க்கரை, கொலஸ்ட்ரால், கிரியேட்டினின் பரிசோதனைகள் மருந்தையும் அளவையும் மாற்றுவதால் அவசியமாகின்றன. சி.ஆர்.பிக்கு அந்தத் தகுதி இன்னும் வரவில்லை. அதைக் கடுமையின் அளவுகோலாக்கினால் வரும் கேடு பெரிது: இரவில் கால் வலி தாளாமல் கட்டிலுக்கு வெளியே காலைத் தொங்கவிட்டுத் தூங்குபவர், சி.ஆர்.பி இயல்பாக இருக்கிறது என்பதற்காகவே டாப்ளர் பார்க்கப்படாமல் வீட்டுக்கு அனுப்பப்படுவார்.