பூர்வீக ஊரும் பிறந்த தோட்டமும்

மூதாதையர் மண்ணைத் தேடிக் குடும்பத்தோடு செல்லும் பயணம் உலக இலக்கியத்தில் இன்று பழகிப்போன ஒரு பொருள். 1976இல் அலெக்ஸ் ஹேலியின் 'வேர்கள்' வெளிவந்தபின் அதற்கு ஒரு வாய்பாடே அமைந்துவிட்டது எனலாம். அமெரிக்காவிலும் ஆர்ஜன்ரீனாவிலும் பிறந்த இத்தாலிய வம்சாவளியினர் சிசிலிக்கும் கலாபிரியாவுக்கும் சென்று பாட்டன் வீட்டுக் கதவைத் தட்டுவதை இவ்வாய்பாடு நன்கு விளக்கும். மாத்தளைத் தோட்டமொன்றிலிருந்து தமிழகம் செல்லும் குடும்பத்தையும் அதே வாய்பாட்டால் அளக்க முற்படும்போதுதான் திறனாய்வு இடறுகின்றது.

இத்தாலியின் 1992ஆம் ஆண்டுச் சட்டம் வம்சாவளியை உரிமையாகக் கொண்டது. தலைமுறை வரம்பின்றி வழங்கப்பட்ட அக்குடியுரிமை 2025இலேயே இரு தலைமுறை அளவில் சுருக்கப்பட்டது. இலங்கையிலோ வம்சாவளி உரிமை பறிப்பதற்கான காரணமாயிற்று. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தந்தையோ, பாட்டனும் பூட்டனுமோ இந்நாட்டிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. லயத்திற் பிறந்து லயத்தில் மடிந்தோருக்கு அத்தகைய பத்திரம் ஏது? 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கெனக் கணக்கிட்டது. அவர்களுட் பெரும்பாலோர் அந்நாட்டைக் கண்ணாற் கண்டவரல்லர். ஆகவே 'ஊருக்குப் போதல்' என்னும் தொடர் மலையகத்தில் ஏக்கத்தையும் அச்சத்தையும் ஒருங்கே தாங்கிநிற்கின்றது.

இதனைப் புதுமைப்பித்தன் முன்கூட்டியே உணர்ந்திருந்தார். 'துன்பக்கேணி'யின் மருதி ஊர் திரும்புகிறாள்; ஊரில் அவளுக்கு இடமில்லை; மீண்டும் தேயிலைத் தோட்டத்துக்கே செல்கிறாள். இலங்கையைப் பற்றிய புறத்தோற்றங்களிற் பிழைகள் இருப்பினும், திரும்புதல் இயலாமை என்னும் கருவை அக்கதை பற்றிக்கொண்டமை போற்றத்தக்கது. கோகிலம் சுப்பையாவின் நாவலோ 'தூரத்துப் பச்சை' என்னும் தலைப்பிலேயே அக்கரை மயக்கத்தைச் சுட்டிவிடுகின்றது. மலரன்பன், மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன் ஆகிய மூவரின் கதைகளைத் தாங்கி 1980இல் வந்த தொகுதிக்குத் 'தோட்டக் காட்டினிலே' எனப் பெயரிட்டமையும் மனங்கொள்ளத்தக்கது. எந்த மண்ணில் நின்று பேசுகின்றோம் என்பதில் அம்மூவர்க்கும் மயக்கமில்லை.

பூர்வீகப் பயணத்தைப் பாடுபொருளாக்கும் எழுத்துக்களின் பெருங்குறை சாதியைப் பற்றிய மௌனமாகும். கோபுரமும் குளமும் குலதெய்வமும் வருகின்றன. பாட்டன் குடியிருந்தது எந்தத் தெரு என்னும் வினா வருவதில்லை. கங்காணியின் பின்னே கடல் கடந்தோருட் பெரும்பகுதியினர் நிலமற்ற ஒடுக்கப்பட்ட சாதியினர். 1876-78இன் பெரும்பஞ்சமும் கடனும் அவர்களைத் துரத்தின. அவ்வூரின் கோயிலுக்குள் நுழையும் உரிமைகூடப் பலருக்கு இருந்ததில்லை. அத்தகைய ஊரிற் பேரப்பிள்ளைகள் பிடிமண் எடுத்துக் கண்ணீர் சிந்துவதாக எழுதுவது உணர்ச்சிக்கு இதமாக இருக்கலாம். வரலாற்றுக்கு உண்மையாக இராது.

மக்கள் தம் நினைவை வேறுவிதமாகவே ஒழுங்குசெய்துள்ளனர். மலையகத்தின் இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து 2023 யூலையிற் தலைமன்னாரிற் தொடங்கிய நடைபவனி ஓகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தது. முன்னோர் காடு வழியே நடந்து வந்திறங்கிய இடம் அதுவே. 1983 யூலையில் தீவைக்கப்பட்ட முத்துமாரியம்மன் கோயிலும் அங்கேயே உள்ளது. மாசிமகத்தன்று அதன் ஐந்து தேர்களும் வீதியுலா வருகின்றன.

உண்மையில் இன்று மாத்தளைக் குடும்பங்கள் பல விசா பெற்றுத் தமிழகம் செல்வது திருச்சியிலோ சேலத்திலோ மறந்துபோன மூதூரைத் தேடியன்று. கூடலூரிலும் கோத்தகிரியிலும் உள்ள அத்தையையும் சித்தப்பாவையும் காண்பதற்கே. 'தாயகம் திரும்பியோர்' என்று தமிழக அரசு பெயரிட்ட அவ்வுறவினருட் பலர், 1968இல் அவர்களுக்கெனத் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்தே பறித்தனர். அயலார் அவர்களைச் 'சிலோன்காரர்' என்றனர். மலைக்கு மலை செல்லும் இப்பயணத்தைக் கூர்ந்து நோக்கிய நாவலுக்கு மலையக இலக்கியத்தில் இன்னும் இடமுண்டு.