இராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகளைக் கொண்ட எண்ணே மிகு பகு எண். 12 அப்படிப்பட்டது: அதற்கு 6 காரணிகள், 11 வரை எதற்கும் அத்தனை இல்லை. கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன் இவற்றை ஆராய்ந்து 1915இல் லண்டன் கணிதக் கழக இதழில் நீண்ட கட்டுரை எழுதினார். அதில் 102 எண்களைப் பட்டியலிட்டார். கடைசி எண் 6746328388800. கணிப்பொறி இல்லாத காலத்தில் இது வியக்கத்தக்க உழைப்பு.

அவர் கண்ணில் படாமல் போனது ஒன்றே ஒன்று: 293318625600, அதாவது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. இதைப் பிரித்தால் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5, 7 இரு முறையும், 11, 13, 17, 19 ஒரு முறையும் வரும். பகா எண் பெரிதாக ஆக, அது வரும் தடவை ஒருபோதும் கூடுவதில்லை. மிகு பகு எண்கள் எல்லாவற்றுக்கும் இதுவே இலக்கணம். ஒவ்வொரு தடவையோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால், 7×5×3×3×2×2×2×2, காரணிகள் 5040. அந்த 5040உம் ஒரு மிகு பகு எண்தான்! இன்னொரு அழகு: விடுபட்ட எண்ணை 23ஆல் பெருக்கினால், பட்டியலின் கடைசி எண்ணே கிடைக்கிறது, காரணிகள் இரட்டித்து 10080 ஆகின்றன.