இளவேனிலும் தினைப்புனமும்

மலையில் வாழும் உழவுக் குடும்பத்தின் வாழ்வைச் சங்க அகப்பாக்களில் காண விழைவோர் குறிஞ்சியை நாடுவர். இளவேனிலின் எழிலைக் காண விழைவோரோ பாலையை நாட வேண்டும். தொல்காப்பியர் குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் யாமத்தையும் உரியன ஆக்கினார். வேனிலையும் நண்பகலையும் பாலைக்கு வகுத்தார். மலைப்புனமும் இளவேனிலும் இங்ஙனம் வெவ்வேறு திணைகளிற் பிரிந்து நிற்பது வெறும் மரபோ, வாழ்விற் பிறந்த மரபோ என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

இப்பிரிவினைத் தெளிவாகக் காட்டும் நூல் ஐங்குறுநூறு. 1903இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த இந்நூலில் குறிஞ்சி நூறு கபிலருடையது. பாலை நூறு ஓதலாந்தையாருடையது. கபிலரின் பத்துகளுட் சிலவற்றின் பெயர்களே புனத்தின் நிலையை உணர்த்துகின்றன. கேழற்பத்து, குரக்குப்பத்து, கிள்ளைப்பத்து, மஞ்ஞைப்பத்து என வருவன புனத்தைச் சூழ்ந்த விலங்கும் புள்ளுமே. கிள்ளைப்பத்தின் முதற்பாட்டில் தலைவன் கிளிகளை வாழ்த்துகின்றான். தினை கவரும் கிளி உழவனுக்குப் பகை. ஆயினும் அக்கிளி வந்தமையாலன்றோ கொடிச்சி காவலுக்கு வந்தாள்! குடும்பத்தின் இழப்பு காதலனின் ஆக்கம் ஆகின்றது. புனத்தின் பொருளியல் அறியாதார்க்கு இப்பாட்டின் நயம் பாதியே விளங்கும்.

ஓதலாந்தையாரின் இளவேனிற்பத்திலோ குயிலும் வண்டும், கோங்கம், குரவம், பாதிரி, மராம், புன்கு, வேம்பு முதலிய மரங்களின் மலரும் நிரல்பட வருகின்றன. ஆனால் அங்கே புனம் இல்லை; காவல் இல்லை. பருவம் வந்தும் தலைவன் வாராமையே பொருள். ஒவ்வொரு மலரும் காலத்தைக் கணக்கிடும் கருவியாய் நிற்கின்றது.

இனி, மலையின் பயிர்க்காலத்தோடு இதனை ஒப்புநோக்குவோம். கபிலரின் பெயரோடு இணைந்த திருக்கோவலூர்க்கு மேற்கே, கள்ளக்குறிச்சிப் பகுதியில் கல்வராயன் மலை உள்ளது. சின்னக் கல்வராயன் ஏறத்தாழ 2,700 அடியும், பெரிய கல்வராயன் ஏறத்தாழ 4,000 அடியும் உயர்ந்தவை. கோமுகி ஆறு இம்மலையிற் பிறக்கின்றது. சாமை, தினை, கேழ்வரகு முதலிய சிறுதானியங்கள் இங்கு வழிவழியாக மழையை நம்பி விளைந்தன. இத்தகைய மலைகளில் இளவேனில் ஆகிய சித்திரை, வைகாசித் திங்கள்கள் கோடைமழை பெய்தபின் நிலந்திருத்தி உழும் காலம். பலா பழுக்கும் காலம். மழை வலுத்தபின் ஆனி, ஆடியில் விதைத்த மானாவாரிப் பயிர் புரட்டாசி தொடங்கிக் கார்த்திகை அளவிற் கதிர் முற்றும். கிளியோட்டும் காலம் அதுவே.

எனவே, இளவேனிற் புனத்தில் காத்தற்குக் கதிர் இல்லை. கதிர் இன்றேல் காவல் இல்லை. காவல் இன்றேல் பகற்குறிக்கும் இடம் இல்லை. கூதிரைக் குறிஞ்சிக்கு வகுத்தமை பயிர்க்காலத்தோடு பொருந்துவதே என்க. இருளும் குளிரும் மழையும் கூடி இரவுக்குறியின் அருமையை மிகுவித்தலே கூதிர் உரிமைக்குக் காரணம் எனின், அதனையும் நாம் மறுக்கவில்லை. அக்காரணம் இரவுக்குறிக்குப் பொருந்தும். பகற்குறியைத் தாங்குவது விளைந்த புனமே.

ஆயினும், மரபு வாழ்விற் பிறந்தது என்பதனால் வாழ்வு முழுதையும் அது பதிவு செய்தது என்று கொள்ளுதல் பிழை. குறுந்தொகை 214ஆம் பாட்டில் கானவன் மரம் வெட்டிப் புனந்திருத்தி விதைக்கின்றான். ஆனால் அவ்வுழைப்பு முழுதும் தினைகாக்கும் கொடிச்சியைச் சிறப்பிக்க வந்த அடைமொழித் தொடராய் ஒடுங்கிவிடுகின்றது. இளவேனிலின் உழைப்பு அப்பாட்டில் இல்லாமல் இல்லை, எச்சமாய் இருக்கின்றது. விளைவின் காலத்தைப் பாடுபொருளாக்கிய மரபு, முயற்சியின் காலத்தைப் பின்னணிக்குத் தள்ளியது. குறிஞ்சியை உழவர் வாழ்வின் ஆவணமாகக் கொள்வோர் இத்தேர்வினை மறந்துவிடுகின்றனர்.

இதனினும் பெரிய பிழை ஒன்று உண்டு. இன்று மலையில் வாழ்வோரைச் சங்ககாலக் குறவரின் மாறா எச்சமாகக் காட்டுவதே அது. கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர் என்னும் வழக்குடையவர். அவ்வழக்கு வரலாறாயினும் கதையாயினும், தம்மை அவர்கள் எவ்வாறு அறிகின்றனர் என்பதற்கு அது சான்று. மேலும், 1976 வரை இம்மலை மூன்று ஜாகீர்தாரர்களின் ஆளுகையில் இருந்தது. நிலத்தின்மேல் உறுதியான உரிமை இன்றிக் கட்டாய உழைப்புக்கும் உட்பட்டிருந்த குடிகளின் இளவேனிலை மலர்களைக் கொண்டு மட்டும் அளத்தல் இயலாது. இன்று சிறுதானியம் விளைந்த நிலங்கள் பலவற்றில் மரவள்ளி வளர்கின்றது. கிளிக்கு அஞ்சவேண்டாத பயிர் அது. கேழலோ இன்றும் கிழங்கைத் தேடி வருகின்றது.

ஆகவே, இலக்கியத்தைக் கொண்டு மலையை விளக்குவதினும், மலையின் பயிர்க்காலத்தைக் கொண்டு இலக்கிய மரபின் காரணத்தை விளக்குவது பயனுடையது. கள ஆய்வுக்குச் செல்லும் மாணவர் பாட்டில் உள்ளது மலையில் உண்டா என்று வினவுவதோடு அமையாமல், மலையில் உள்ளவற்றுள் எவற்றைப் பாட்டு விடுத்தது, ஏன் விடுத்தது என்றும் வினவுதல் வேண்டும். சித்திரையில் ஏர்பூட்டும் குடும்பத்துக்குத் தனியொரு திணை வகுக்கப்படவில்லை. அக்குறையை உணர்ந்து படிப்பார்க்கே குறிஞ்சியின் சிறப்பும் அதன் எல்லையும் ஒருங்கே புலப்படும்.