படப்பிடிப்புத் தளமும் அன்றாடப் பாலினப் பாகுபாடும்: ஹேமா குழு அறிக்கையை முன்வைத்து

மலையாளத் திரைத்துறைப் பெண்களின் பணிநிலையை ஆராயக் கேரள அரசு 2017இல் அமைத்த நீதிபதி ஹேமா குழு, 2019 டிசம்பரில் தன் அறிக்கையை அளித்தது. சில பகுதிகள் நீக்கப்பட்ட நிலையில் அது 2024 ஆகஸ்டில் வெளியாயிற்று. அதையொட்டித் தமிழகத்தில் எழுந்த விவாதம் பெரிதும் பாலியல் குற்றங்களையே மையமிட்டது. குற்றம் உறுதியானவர்களுக்கு 5 ஆண்டுத் தடை என்னும் தென்னிந்திய நடிகர் சங்கத்தின் 2024 செப்டம்பர் முடிவும் இவ்வகையினதே. இது தேவையானதே, எனினும் அறிக்கையின் ஒரு பகுதியையே தொடுகிறது.

படப்பிடிப்புத் தளத்தில் கழிப்பறையும் உடைமாற்றும் அறையும் இன்மையை அவ்வறிக்கை மனித உரிமை மீறலாக வகைப்படுத்துகிறது. கழிப்பறை இன்மையால் பெண்கள் நீர் அருந்துவதைத் தவிர்ப்பதையும், அதனால் நோயுறுவதையும் அது பதிவுசெய்கிறது. இங்குக் குற்றவாளி எனச் சுட்டத் தனியொருவர் இல்லை. வேலை ஒழுங்கமைக்கப்படும் முறையே பாகுபாடாக இயங்குகிறது.

வண்டியூர்த் தெப்பக்குளக் கரை போன்ற திறந்தவெளிகளில் படப்பிடிப்பு நிகழுமாயின் இச்சிக்கல் மேலும் கூர்மையடையும். முன்னணி நடிகைக்குக் கேரவன் கிடைக்கும். நாட்கூலிக்கு வரும் துணைநடிகைக்கு அவ்வசதி எட்டுவதில்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் நாட்கூலியரையும் உள்ளடக்குகிறது. பணியின்பொருட்டுச் செல்லும் இடத்தையும் பணியிடமாகவே கொள்கிறது. ஆயினும் அதன் வரையறை பாலியல் நடத்தையைச் சார்ந்தது. கழிப்பறை மறுக்கப்பட்ட பெண் அதன்வழி முறையிடுதல் அரிது.

திரையில் பெண் சித்திரிக்கப்படும் முறையைத் தமிழ்த் திரையாய்வு விரிவாக ஆராய்ந்துள்ளது. அச்சித்திரிப்பை உருவாக்கும் பெண்ணின் பணிச்சூழலும் அவ்வாய்வின் பொருளாதல் வேண்டும். துணைநடிகையரின் வாய்மொழிச் சான்றுகளைத் தொகுப்பது அதன் முதற்பணியாகும்.