விளக்கெண்ணெய்ப் புகையும் வேடமும்

இங்கிலாந்தின் சிசெஸ்டர் நகரை ஒட்டிய குட்வுட் தளத்தில் ஆண்டுதோறும் செப்டம்பரில் மூன்று நாள் பழங்கார்ப் பந்தயம் நடக்கிறது. 1948இல் தொடங்கி 1966இல் நின்றுபோன பந்தயங்கள், 1998இல் ‘ரிவைவல்’ என்ற பெயரில் மீண்டன. அந்தப் பதினெட்டு ஆண்டுக்கால வகைக் கார்களுக்கே இங்கு இடம். பார்க்க வருபவர்களும் பெரும்பாலும் அக்கால உடையில்தான் வருகிறார்கள்.

வசீகரம் மூக்கில் தொடங்குகிறது. பழைய பந்தய எஞ்சின்கள் சிலவற்றுக்கு இன்றும் ஆமணக்கிலிருந்து எடுத்த எண்ணெயையே ஊற்றுகிறார்கள். அது எரியும்போது எழும் இனிப்பும் காறலும் கலந்த புகை, விளக்கெண்ணெய்த் திரி கருகும் வாசனையை அறிந்த நமக்குப் பாதி பழக்கமானதுதான். அடுத்தது காது. ஒன்றரை லிட்டரைப் பதினாறு சிலிண்டர்களுக்குப் பங்கிட்ட பி.ஆர்.எம். கார் கீச்சிட்டு அலறும், அமெரிக்க எஞ்சின் பூட்டிய கோப்ராவோ அடிவயிற்றில் உறுமும். இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டே பிரித்தறியலாம்.

ஆனாலும் பெரிய விருந்து கண்ணுக்குத்தான். குறுகலான டயர்களுக்குப் பிடிமானம் குறைவு. வளைவில் வண்டியின் பின்பக்கம் விலக, ஓட்டுநர் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பித் திருப்பி அதை வழிக்குக் கொண்டுவருகிறார். திறந்த கார்களில் அந்தக் கைகளின் போராட்டம் அப்படியே தெரிகிறது. இன்றைய ஃபார்முலா ஒன் வண்டியில் ஓட்டுநரின் தலைக்கவசம் தெரிந்தாலே அதிகம்.

என் மனக்குறை வேலிக்கு இந்தப் பக்கம் நடக்கும் வேடத்தைப் பற்றியது. பிரிட்டனில் உணவுப் பங்கீடு 1954 வரை நீடித்தது. அந்தப் பஞ்சத்தின் சாயல் எதுவும் இந்தத் தொப்பிகளிலும் கவுன்களிலும் இல்லை. தளமே போர்க்கால விமான நிலையத்தைச் சுற்றிய சாலைதான். விழாவில் பறக்கும் ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தைப் பார்த்துக் கைதட்டுகிறோம், அதை ஓட்டித் திரும்பாத இளைஞர்கள் நினைவுக்கு வருவது அரிது. ஸ்டர்லிங் மாஸின் உயர்மட்டப் பந்தய வாழ்க்கை 1962இல் இங்கு நேர்ந்த விபத்தோடு முடிந்தது. 1970இல் இன்னொரு ஓட்டுநரான புரூஸ் மெக்லாரன் சோதனை ஓட்டத்தின்போது இங்கேதான் இறந்தார். கார்களின் வேகம் அபாயகரமாகக் கூடியதால் நிறுத்திய பந்தயத்தை இப்போது ஆபத்தே இல்லாத பொற்காலமாக உடுத்திக்கொள்கிறார்கள்.

காசும் பேசுகிறது. ஒரு ஃபெராரி 250 ஜிடிஓ 2018இல் 4.8 கோடி டாலருக்கு மேல் ஏலம்போனது. அப்படிப்பட்ட விலைமதிப்புள்ள வண்டிகள் இங்கே ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஓடுகின்றன. ஒவ்வொரு மோதலிலும் அசல் தகடு கொஞ்சம் போய்ப் புதுத் தகடு வந்து சேர்கிறது. கடைசியில் எது அசல் என்று வழக்காட வேண்டியதுதான். இருந்தாலும் கண்ணாடிக் கூண்டுக்குள் ஓசையற்று நிற்பதைவிட இந்தத் தேய்மானமே மேல் என்பேன். ஓடாத எஞ்சினுக்கு வாசனை கிடையாது.

இந்த விழாவை வேறெங்கும் நட்டு வளர்ப்பது எளிதல்ல. சென்னைக்கு அருகே சோழவரத்திலும் பழைய போர்க்கால ஓடுபாதையில்தான் பந்தயம் நடந்தது; பிறகு அது இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டது. குட்வுட்டிலோ 1948இல் தளத்தைத் திறந்துவைத்த பிரபுவின் பேரன்தான் 1998இல் அதை மீட்டார். நிலம் அதுவரை குடும்பத்தின் கையை விட்டுப் போகவில்லை.