ஏழாவது அடி

ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டி மைதானம் என்று சொன்னாலே போதும், கோல்ஃப் பார்க்கிறவர்கள் கண்முன் ஒரே படம் வந்து நிற்கும். கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு, வெறுங்காலோடு ஓடைத் தண்ணீரில் நிற்கிறார் ஒரு பிரெஞ்சுக்காரர். கையில் கிளப், முகத்தில் பாதிச் சிரிப்பு. 1999 ஜூலை 18, பிரிட்டிஷ் ஓப்பனின் கடைசி நாள், கடைசிக் குழி. விளையாட்டில் கோட்டைவிட்டவர்களைப் பற்றி யார் எழுதினாலும் ழான் வான் டெ வெல்டின் அந்தப் படம் அங்கே வந்துவிடும். எனக்கு அந்தப் படத்தின் மேல் ஒரு மனக்குறை உண்டு. அதற்குப் பிறகு வந்த இரண்டு அடிகளை அது மறைத்துவிட்டது. அவர் யார் என்று காட்டியவை அந்த இரண்டும்தான்.

பிரான்சில் கோல்ஃப் வேர்விட்டது தென்மேற்கு மூலையில். ஐரோப்பியக் கண்டத்தின் மிகப் பழைய கோல்ஃப் மைதானம் 1856-இல் போ நகரில் அமைந்தது; குளிர்காலத்தைக் கழிக்க அங்கே வந்து தங்கிய பிரிட்டிஷ்காரர்களின் வேலை அது. பிறகு பியாரிட்ஸ் வந்தது. அந்தக் கடற்கரை ஊரில் பிறந்து, கேடியாகப் பை சுமந்து ஆட்டம் கற்ற அர்னோ மாஸி, 1907-இல் ஹாய்லேக்கில் பிரிட்டிஷ் ஓப்பனை வென்று பிரிட்டனுக்கு வெளியே கோப்பையைக் கொண்டுபோன முதல் ஆளானார். அதன்பின் ஒரு பிரெஞ்சுக்காரருக்கும் அது கிட்டவில்லை. வான் டெ வெல்ட் அதே வட்டாரத்து மோன் டெ மார்சானில் 1966-இல் பிறந்தவர். 1987-இல் தொழில்முறை ஆட்டக்காரரானார். பன்னிரண்டு வருடம் ஐரோப்பிய டூரில் சுற்றியதற்குக் காட்ட ஒரே ஒரு வெற்றி, 1993-இன் ரோமா மாஸ்டர்ஸ். கார்னூஸ்டிக்கு வந்தபோது உலகத் தரவரிசையில் நூற்றைம்பதைத் தாண்டி எங்கேயோ இருந்தார். பெயரைப் பலகையில் பார்த்த ஸ்காட்லாந்துக்காரர்கள் பலர் பக்கத்து ஆளிடம் யார் இது என்று விசாரித்திருப்பார்கள்.

அந்த வருடம் மைதானமே ஒரு வில்லன். இருபத்து நான்கு வருடம் கழித்து ஓப்பன் அங்கே திரும்பியிருந்தது. ஃபேர்வேயை ஒடுக்கி, இருபுறமும் புல்லை முழங்கால் உயரத்துக்கு வளரவிட்டிருந்தார்கள். வடகடல் காற்று வேறு. பத்தொன்பது வயது செர்ஜியோ கார்சியா முதல் நாள் 89 அடித்துவிட்டு அம்மாவின் தோளில் சாய்ந்து அழுதான். நான்கு நாள் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது பாருக்குள், அதாவது குழிகளுக்கு விதித்த அடிக்கணக்குக்குள், முடித்தவர் ஒருவர்கூட இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் முதல் நாள் 75 அடித்த மனிதர் அடுத்த இரண்டு நாளும் 68, 70 என்று ஆடி, ஞாயிற்றுக்கிழமையை ஐந்து அடி முன்னிலையில் தொடங்கினார் என்றால் அதைக் குருட்டு அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது.

அந்த வாரம் அவரைத் தாங்கிப் பிடித்தது பட்டிங், அதாவது பந்தை உருட்டிக் குழிக்குள் அனுப்பும் கலை. கடலோர மைதானத்தில் குழியைச் சுற்றிய புல்தரையான கிரீன் தட்டையாகத் தெரியும், தட்டையாக இருக்காது. பந்து ஓடி வேகம் தணியும் கடைசி இரண்டு முழத்தில்தான் நிலம் தன் சாய்வைக் காட்டும். காற்றும் அங்கேதான் பந்தைப் பிடித்துத் தள்ளும். ஆகவே நல்ல பட்டர் குழியைக் குறிவைத்து அடிப்பதில்லை. பந்து எந்த இடத்தில் களைப்படைய வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு அந்த இடத்துக்கு அனுப்புகிறார். மீதியை நிலம் பார்த்துக்கொள்ளும். அந்த ஓப்பனின் ஒளிப்பதிவை ஓட்டிப் பார்க்கிறவர்கள் நேராக ஓடைக்குப் போய்விடாமல், மூன்றாம் நாளின் கிரீன்களில் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

சரி, பதினெட்டாவது குழி. 487 கஜம், பார் 4. பாரி பர்ன் என்ற அந்த ஓடை பாம்பு போல வளைந்து இந்தக் குழியின் வழியில் ஒருமுறைக்கு இருமுறை குறுக்கிடும். கடைசி வளைவு கிரீனுக்கு நேர் முன்னால், கல்சுவர் கட்டிய கரையோடு. மூன்று அடி முன்னிலை. ஆறில் முடித்தாலும் கோப்பை அவருடையது.

டீயில் ட்ரைவரை எடுத்தார். பந்து வலப்பக்கம் வெகுதூரம் விலகிப் பறந்தது. ஓடையின் ஒரு வளைவில் விழாமல் தப்பி, நல்ல புல்லில் உட்கார்ந்தது. கிரீனுக்கு இன்னும் கிட்டத்தட்ட 190 கஜம். உலகமே இங்கேதான் அவரைத் திட்டுகிறது: குறுந்தூரக் கிளப்பான வெட்ஜால் ஓடைக்கு இந்தப்பக்கம் தள்ளிவைத்து, இன்னொரு வெட்ஜால் தாண்டியிருக்கலாமே என்று. அவர் நெடுந்தூரக் கிளப்பான டூ-அயர்ன் எடுத்தார். எனக்கு அது அவ்வளவு பெரிய குற்றமாகத் தெரியவில்லை. இடப்பக்கம் எல்லைக்கோடு, முன்னால் தண்ணீர். வலப்பக்கம் தவறினால் பார்வையாளர் மேடை. மேடைக்குள் பந்து விழுந்தால் தண்டனை இல்லாமல் எடுத்து வைத்து ஆடலாம். பந்து மேடைக்குத்தான் போனது. ஆனால் அங்கே தங்கவில்லை. கம்பியில் பட்டுத் தெறித்து, ஓடையின் கல்சுவர் மேல் மோதி, பின்னோக்கிப் பறந்து, ஓடைக்கு இந்தப்பக்கமே அடர்ந்த புல்லுக்குள் புதைந்தது. இதற்கு எந்த ஆட்டக்காரரும் கணக்குப் போட்டு வைத்திருக்க முடியாது.

உண்மையான தவறு மூன்றாவது அடி. அந்தப் புல்லிலிருந்து பக்கவாட்டில் ஃபேர்வேக்கு வந்திருக்கலாம். அவர் கிரீனைப் பார்த்தார். புல் கிளப்பின் கழுத்தைப் பிடித்துக்கொள்ள, பந்து துவண்டு ஓடையில் விழுந்தது. பிறகுதான் காலணியைக் கழற்றிய காட்சி. தண்ணீருக்கு மேலே பந்து கொஞ்சம் தெரிந்தது. அவர் இறங்கி நிற்க நிற்க அது மூழ்கிக்கொண்டே போனது. கடைசியில் ஆசையை விட்டுவிட்டு மேலே ஏறி, ஓர் அடி தண்டனையோடு வெளியே பந்தைப் போட்டார். ஐந்தாவது அடி ஓடையைத் தாண்டியது, ஆனால் கிரீனோர மணல்குழியான பங்கரில் விழுந்தது.

இங்கேதான் நான் ஒளிப்பதிவை நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டுவேன். அவரோடு ஆடிய கிரெய்க் பாரியின் பந்தும் அதே பங்கரில். பாரி முந்தி ஆடினார். மணலிலிருந்து எழுந்த பந்து உருண்டு நேரே குழிக்குள் போனது. கூட்டம் கத்தியது. அந்தக் கத்தல் அடங்கிய பிறகு வான் டெ வெல்ட் அதே மணலில் இறங்கினார். இருபது நிமிடத்துக்கு முன் அவர் சாம்பியன். இப்போது இந்த அடியும் அடுத்த அடியும் சேர்ந்து குழியை முடித்தால்தான் சமநிலையை முறிக்கும் பிளே-ஆஃபில் இடமே உண்டு. கால்சட்டை இன்னும் ஈரம்.

பங்கர் அடி என்பது பந்தை அடிப்பதே இல்லை. பந்துக்குப் பின்னால் மணலை வெட்ட வேண்டும். வெட்டுப்பட்ட மணல்தான் பந்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும். பயந்த கை வெட்டின் நடுவில் தயங்கும், பந்து மணலிலேயே கிடக்கும். கோபக்காரக் கை ஆழமாக வெட்டாமல் பந்தையே அறைந்து, கிரீனைத் தாண்டி அனுப்பும். இவர் கை இரண்டும் செய்யவில்லை. அளவான வெட்டு. பந்து எழுந்து, இறங்கி, குழியிலிருந்து சுமார் இரண்டு மீட்டரில் நின்றது.

அந்த இரண்டு மீட்டர் பட் எனக்கு அந்த ஓப்பனின் மிக உயர்ந்த கணங்களில் ஒன்று. பல்லவி கைவிட்டுப் போன கச்சேரியில், சபை நெளிந்துகொண்டிருக்கும்போது, பாடகர் சுருதி பிசகாமல் ஒரு சின்ன உருப்படியை எடுத்து முழுமையாகப் பாடி நிறுத்துவது போல. பந்து நடுக்குழியில் விழுந்தது. அவர் முஷ்டியை உயர்த்தினார். ஏழு. பாரைவிட மூன்று அதிகம், டிரிபிள் போகி. நான்கு நாளில் 290. இந்த எண்ணைப் பார்த்துச் சிரிப்பவர்களைக் குறைசொல்ல முடியாது. ஆனாலும் அந்த நிலையில் அந்தப் பட்டை உள்ளே போட எத்தனை பேரால் முடியும் என்று கேட்டுப் பார்க்கட்டும்.

பிளே-ஆஃபை வென்றவர் பால் லாரி. அவருக்கும் இந்த ஓடை அநியாயம் செய்திருக்கிறது. கடைசி நாளைப் பத்து அடி பின்னால் தொடங்கி 67 அடித்தவர். பிளே-ஆஃபில் வான் டெ வெல்டையும் ஜஸ்டின் லெனர்டையும் எதிர்கொண்டு, கடைசி இரண்டு குழிகளிலும் பர்டி, அதாவது பாரைவிட ஓர் அடி குறைவாக, எடுத்தவர். எல்லோரையும் கவிழ்த்த பதினெட்டாவதில் அவர் அடித்த இரண்டாவது அடி குழிக்குச் சுமார் ஒரு மீட்டர் தொலைவில் வந்து நின்றது. அந்த அடியை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

அன்று மாலை பத்திரிகையாளர்கள் முன்னால் வான் டெ வெல்ட் சுணங்கி உட்காரவில்லை. அடுத்த முறை வெட்ஜ் அடிக்கிறேன், மன்னித்துவிடுவீர்களா என்கிற தொனியில் பேசினார். அந்த டிசம்பரில் ஒரு பட்டர் நிறுவனத்தின் விளம்பரத்துக்காகத் திரும்பிப் போய், அந்தக் குழி முழுவதையும் பட்டரால் மட்டுமே ஆடிக் காட்டினார். மூன்றாவது முயற்சியில் ஆறு. ஜூலையில் அந்த ஆறு போதுமாயிருந்திருக்கும். பத்திரமாக ஆடுவது புத்திசாலித்தனம்தான். ஆனால் நான்கு நாள் டூ-அயர்னும் ட்ரைவருமாக ஆடி முன்னிலைக்கு வந்த மனிதர் கடைசிக் குழியில் மட்டும் வேறொருவராக மாறியிருந்தால், அவருடைய ஆட்டத்தை இவ்வளவு அக்கறையாகப் பிரித்துப் பார்த்திருப்பேனா என்பது சந்தேகம்.

மீதிக் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். செப்டம்பரில், ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் ரைடர் கோப்பையில் ஆடிய முதல் பிரெஞ்சுக்காரரானார்; ஐரோப்பிய அணித் தலைவர் மார்க் ஜேம்ஸ் அவரை ஞாயிறு வரை பெஞ்சில் உட்காரவைத்து, ஒற்றையர் ஆட்டத்துக்கு மட்டும் இறக்கினார். டேவிஸ் லவ் எளிதாக வென்றார். முழங்கால் தொல்லை பல மாதங்களைத் தின்றது. 2005-இல் பிரெஞ்சு ஓப்பனில், சொந்த மண்ணில், பிளே-ஆஃப் வரை போய் ழான் ஃபிரான்சுவா ரெமேசியிடம் தோற்றார். அங்கேயும் பதினெட்டாவது கிரீனைச் சுற்றித் தண்ணீர்தான். இவருக்கும் தண்ணீருக்கும் ஏதோ ஜென்மப் பகை. அதே வருடம் ஆண்களுக்கான ஓப்பன் தகுதிச் சுற்றைப் பெண்களுக்கும் திறந்துவிட்டபோது, அப்படியானால் பெண்கள் ஓப்பனுக்கு நானும் விண்ணப்பிக்கிறேன் என்று அறிவித்தார். குறும்பு பாதி, முறைப்பு பாதி. எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை.

2006 மார்ச்சில் மதெய்ரா தீவு ஓப்பனை வென்றார். ரோமுக்குப் பிறகு பதின்மூன்று வருடம், நாற்பது வயதுக்கு இரண்டு மாதம் குறைவு. மலைமேல் உள்ள மைதானம், பெரிய பெயர்கள் வராத போட்டி, செய்தித்தாளில் ஒரு பத்திச் செய்தி. அந்தச் செய்தியிலும் பாதி இடத்தைக் கார்னூஸ்டியே எடுத்துக்கொண்டது.