போர்ச்சூழலில் கள ஆய்வு: ‘முறிந்த பனை’யை முன்வைத்து ஒரு முறையியல் மதிப்பீடு

முன்னுரை

போர்ச்சூழலில் கள ஆய்வு மேற்கொள்வது பற்றிய வழிகாட்டு நெறிகள் பெரும்பாலும் ஆய்வாளரை வெளியிலிருந்து வந்து திரும்பிச் செல்பவராகவே கொள்கின்றன. களமே ஆய்வாளரின் வாழிடமாகவும் அமையும்போது அந்நெறிகள் எந்த அளவுக்குப் பொருந்தும் என்னும் வினாவை, 1990இல் ஆங்கிலத்தில் வெளிவந்து பின்னர் தமிழாக்கம் பெற்ற ‘முறிந்த பனை’ எழுப்புகிறது. ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், கே. சிறீதரன், ராஜினி திராணகம ஆகிய அதன் ஆசிரியர் நால்வரும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர்கள். அரசியல் ஆவணமாகப் பலமுறை விவாதிக்கப்பட்ட அந்நூலை இக்கட்டுரை கள ஆய்வு என்ற நிலையில் மதிப்பிடுகிறது.

களமும் ஆய்வாளரும்

1987 அக்டோபரில் இந்திய அமைதிப்படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மூண்டது. அப்போர்க்கால நிகழ்வுகளின் பதிவு நூலில் முதன்மை இடம் பெறுகிறது. பதிவு செய்தோர் கணிதவியலாளர், உளமருத்துவர், உடற்கூற்றியல் ஆசிரியர் எனப் பல துறையினர். சமூகவியலில் பயிற்சி பெற்றுக் களம் புகுந்தவர்கள் அல்லர். ஆயினும் மொழி, அயல், பொதுத்துயர் ஆகியன வெளியாருக்கு எளிதில் வாய்க்காத நம்பிக்கையை அவர்களுக்குத் தந்தன. படையினரின் வன்முறைக்கு ஆளான பெண்களின் அனுபவங்களை ராஜினி எழுதிய பகுதி இதற்குச் சான்று.

அதே நெருக்கமே இடரும் ஆயிற்று. யார் யாரிடம் எதைக் கேட்கிறார் என்பது ஊரறிந்த செய்தி. இலங்கை அரசு, இந்தியப் படை, தமிழ் இயக்கங்கள் என அனைத்துத் தரப்பின் வன்முறையையும் ஒரே அளவுகோலால் அளந்ததே நூலின் தலையாய வலிமை. எத்தரப்பின் பாதுகாப்பும் ஆசிரியர்களுக்கு இல்லாமற் போனதற்கும் அதுவே காரணம். நூல் வெளிவருமுன், 1989 செப்டம்பர் 21ஆம் நாள் ராஜினி யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

மறைப்பும் சரிபார்ப்பும்

சாட்சி கூறியவரின் அடையாளத்தைக் காப்பது கட்டாயம். ஆனால் அது, சாட்சியம் திரட்டப்பட்ட முறையை விளக்கும் கடமையை நீக்கிவிடாது. நூலில் நிகழ்வு விவரிப்பு விரிந்துள்ள அளவுக்கு முறையியல் விளக்கம் விரியவில்லை. முரண்பட்ட கூற்றுகள் எவ்வாறு எடைபோடப்பட்டன என்பதைப் பெயர் எதையும் வெளியிடாமலே கூறியிருக்க முடியும். இக்குறை நூலின் உண்மைத்தன்மையைக் குலைப்பதில்லை. எனினும் பின்வரும் ஆய்வாளர் அதனை மூலச்சான்றாகக் கையாளும்போது இடர்ப்பட நேர்கிறது.

மேலும், பெயரை மாற்றுவது மட்டும் மறைப்பு ஆகாது. சிற்றூர் ஒன்றில் தொழில், உறவுமுறை, நிகழ்ந்த நாள் ஆகிய மூன்றும் சேர்ந்தாலே ஆள் யாரெனத் தெரிந்துவிடும்.

வாக்குறுதியின் எல்லை

வட அயர்லாந்தின் முன்னாள் ஆயுதப் போராளிகளிடம் பாஸ்டன் கல்லூரியின் பெல்ஃபாஸ்ட் திட்டம் நேர்காணல்களைப் பதிவு செய்தது. தாம் இறக்கும்வரை அவை வெளிவரா என்ற நம்பிக்கையில் அவர்கள் பேசினர். 2011இல் நீதிமன்ற அழைப்பாணைகள் பிறப்பிக்கப்பட்டன. பின்னர்ப் பதிவுகளில் ஒரு பகுதி காவல்துறையிடம் சென்றது. ஆய்வாளர் அளிக்கும் வாக்குறுதி அவர்தம் நேர்மையை மட்டும் சார்ந்ததன்று. பதிவு எந்நாட்டுச் சட்டத்தின்கீழ் வைக்கப்பட்டுள்ளது என்பதையும் சார்ந்தது என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

முடிவுரை

ஒப்புதல் படிவத்தில் இடப்படும் கையொப்பம் அமைதிக்காலத்தில் தகவலாளரின் உரிமைக்குக் காப்பு. சோதனைச்சாவடியில் அதுவே அவருக்கு எதிரான சான்று. ஆகவே போர்ச்சூழலில் வாய்மொழி ஒப்புதலும், அதனை அச்சேறுமுன் மீண்டும் கேட்டுப் பெறுவதும் பொருத்தமானவை. குறிப்பேடு யார் கையில் சிக்கக்கூடும், ஆய்வாளர் அகன்றபின் தகவலாளரை எது அச்சுறுத்தும் ஆகிய வினாக்களை ஆய்வுத் திட்டத்தை ஏற்கும் நிலையிலேயே நெறியாளர் எழுப்ப வேண்டும். அவற்றுக்கு விடையில்லாத இடத்தில், அத்தரவைத் திரட்டாது விடுவதும் முறையியல் முடிவாகவே ஏற்கப்படவேண்டும்.